விரலை நீட்டச் சொல்லும்போது

(குறுவள மையக் கூட்டத்தில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்தக் கூட்டத்தில் அரை மணி நேரம் பேச வேண்டும் என்று கேட்டபோது, எந்தத் தலைப்பில் பேசப்போகிறீர்கள் என்றார்கள். நகச்சுற்று என்றேன். தொலைபேசியில் சிறிது நேரம் பேச்சே இல்லை. பிறகு, "அறிவியல் பாடத்தில் ஏதாவது கடினப் பகுதியை எடுத்துக்கொள்ளலாமே டீச்சர்" என்றார்கள். இதுவும் அறிவியல்தான், எனக்குக் கடினமாக இருந்த பகுதிதான் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தேன்.

நம் பக்கத்தில் யாரும் நகச்சுற்று என்று சொல்வதில்லை. நகச்சுத்தி என்றுதான் சொல்வார்கள். நகத்தைச் சுற்றியுள்ள சதை சிவந்து, வீங்கி, விண் விண் என்று தெறிக்கும். வந்தவருக்குத்தான் அதன் வலி தெரியும். பார்க்கிறவருக்கு அது ஒரு சின்ன வீக்கம், அவ்வளவுதான்.

நம் பள்ளிகளில் திங்கட்கிழமை காலையில் நகம் பார்ப்பது வழக்கம். வழிபாட்டுக் கூட்டம் முடிந்ததும் வரிசையில் நிற்கவைத்து, கையை நீட்டச் சொல்லி, வளர்ந்த நகம், அழுக்கு நகம் உள்ளவர்களை ஒதுக்கி நிறுத்துவோம். நானும் அப்படித்தான் செய்துவந்தேன். ஒதுக்கியவர்களை முதல் பாடவேளையில் பத்து நிமிடம் வராந்தாவில் நிற்க வைப்பேன். அடிப்பதில்லை என்பதால் அதைத் தண்டனை என்றே நான் நினைத்ததில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் சேர்த்தே தடை செய்திருக்கிறது என்று பயிற்சிகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஆனால் வராந்தாவையும் அந்தப் பிரிவையும் சேர்த்து யோசித்ததில்லை.

2023 ஜூலை. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14ஆம் தேதியோடு முடிந்து, விசைப்படகுகள் கடலுக்குப் போய்வரத் தொடங்கிய நேரம். காசிமேட்டில் வேலை குவியும் மாதம் அது. எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் ஒரு பெண். நன்றாக எழுதக்கூடியவள், படம் வரைந்தால் பாகங்களை அம்புக்குறி போட்டு அழகாகக் குறிப்பாள். அந்த வாரம் அவள் எழுதவே இல்லை. செவ்வாய்க்கிழமை கேட்டேன், "நோட்டு எடுத்துட்டு வரல மிஸ்" என்றாள். புதன்கிழமையும் அதே பதில். வகுப்புக்கு முன்னால் வைத்து அவளைத் திட்டினேன். என்ன சொல்லித் திட்டினேன் என்பதை இங்கே சொல்ல எனக்கு விருப்பமில்லை.

வியாழக்கிழமை மதியம் சத்துணவுக் கூடத்தில் சமையலர் அக்கா என்னைக் கூப்பிட்டார். "டீச்சர், அந்தப் பொண்ணு நாலு நாளா இடது கையால சாப்பிடுது, பாத்தீங்களா?" நான் பார்க்கவில்லை. நம் வீடுகளில் ஒரு பிள்ளை இடது கையால் சோற்றை எடுத்தால் பக்கத்தில் இருப்பவர் உடனே சொல்லிவிடுவார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள்.

வலது கையைக் காட்டும்மா என்றேன். காட்டவில்லை. பாவாடை மடிப்புக்குள் வைத்துக்கொண்டாள். சமையலர் அக்கா தடவிக்கொடுத்துப் பேசிய பிறகுதான் கை வெளியே வந்தது. ஆள்காட்டி விரலின் நுனி பளபளவென்று சிவந்திருந்தது. நகத்தின் ஓரத்தில் அரை நிலா போல மஞ்சளாகச் சீழ். எலுமிச்சம்பழ வாசனை.

"ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"நகம் அழுக்கா இருக்குன்னு வெளிய நிக்க வெப்பீங்கன்னு மிஸ்."

திங்கட்கிழமை வரிசையில் அவளும் நின்றாள். இடது கையை முழுதாக நீட்டினாள். வலது கையில் அந்த ஒரு விரலை மடக்கி வைத்திருந்தாள். மற்ற நான்கு நகங்களையும் பார்த்து, சரி என்று நான் அடுத்த பிள்ளைக்கு நகர்ந்திருந்தேன். நகம் பார்த்த எனக்கு விரல் கண்ணில் படவில்லை.

அவளுடைய அம்மாவை வரச் சொன்னோம். காசிமேட்டில் எறா உரிக்கும் வேலை. விடியற்காலையில் போனால் ஐஸில் கிடக்கும் எறாவைத் தலை கிள்ளி, ஓடு உரித்து, கிலோ கணக்குக்குக் கூலி. மகள் பள்ளிக்கு வரும் முன் ஒரு மணி நேரம் கூட உட்கார்ந்து உரித்துக் கொடுப்பாள். எறாவின் தலையில் ரம்பம் போல ஒரு கொம்பு இருக்கிறதே, அது நகக்கண்ணில் குத்தியிருக்கிறது. மறுநாளும் அதே ஈரத்தில், அதே ஐஸ் தண்ணீரில் கை. மூன்றாம் நாள் வீக்கம். "எலுமிச்சம்பழம் சொருவி வச்சேன் டீச்சர், எங்கம்மா எனக்கும் அதான் செஞ்சாங்க" என்றார். பேசும்போது அவருடைய கையைப் பார்த்தேன். மூன்று நான்கு விரல்களில் நகத்தின் அடிப்பகுதி தடித்து, நகம் கோடு கோடாக மேடு பள்ளமாக இருந்தது. "இது எங்களுக்கெல்லாம் இருக்கிறதுதான்" என்று கையைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டார். மகள் பாவாடையில் மறைத்தது எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது.

ஸ்டான்லிக்கு அழைத்துப்போகச் சொன்னேன், மாலையில் நானும் போனேன். விரலை மரத்துப்போகச் செய்து, நகத்தின் ஓரத் தோலைச் சற்றே நெம்பிச் சீழை வெளியே விட்டார்கள். அன்று இரவு அவள் நன்றாகத் தூங்கினாள் என்று அம்மா சொன்னார். அதற்கு முந்தைய மூன்று இரவுகள் தூங்கவில்லையாம். மூன்று இரவு தூங்காத பிள்ளையைத்தான் நான் பகலில் நோட்டு எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஸ்டான்லி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அங்கே கை அறுவை சிகிச்சைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. 1970களில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த பிரிவு அது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மருத்துவர்கள் வந்து கற்றுக்கொண்டு போகும் இடம். துறைமுகமும் ஆலைகளும் உள்ள இந்த வட்டாரத்துக்கு அப்படி ஒரு பிரிவு எவ்வளவு தேவை என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. நம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருடைய வீட்டில் அப்பாவோ தாத்தாவோ ஒரு விரலை எங்காவது விட்டுவிட்டு வந்தவர்தான்.

இனி, நான் தெரிந்துகொண்ட மருத்துவச் செய்திகள். நான் மருத்துவர் இல்லை. மருத்துவர்களிடம் கேட்டதையும் படித்ததையும் நம் வகுப்பறைக்கு ஏற்றபடி சொல்கிறேன்.

நகத்துக்கும் தோலுக்கும் இடையில் ஒரு மெல்லிய தோல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கதவுக்குக் கீழே மழைத்தண்ணீர் வராமல் ரப்பர் பட்டை வைப்போமே, அதுபோல. அந்தப் பட்டை கிழிந்தால் கிருமி உள்ளே போகும். பெரும்பாலும் நம் தோலிலேயே குடியிருக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் வகைக் கிருமிதான். நகம் கடிக்கும் பிள்ளை, விரல் சூப்பும் பிள்ளை என்றால் வாயில் உள்ள கிருமிகளும் சேர்ந்துகொள்ளும். நகக்கண்ணில் முள்போலப் பிரிந்து நிற்கும் தோலைப் பல்லால் கடித்து இழுப்பார்கள் பாருங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு நகச்சுற்று வரும் முக்கியமான வழி அதுதான். விரல்நுனியில் சீழ் விரிவதற்கு இடம் கிடையாது. தோலுக்குக் கீழே கொஞ்சம் சதை, உடனே எலும்பு. அதனால்தான் இவ்வளவு சின்ன இடத்தில் அவ்வளவு வலி. கவனிக்காமல் விட்டால் விரல்நுனிச் சதை முழுக்கச் சீழ் பிடிக்கும். அரிதாக எலும்பையும் தொடும்.

தொடக்கத்திலேயே, அதாவது சிவப்பும் லேசான வீக்கமும் மட்டும் இருந்து சீழ் கட்டாத நிலையில் பார்த்துவிட்டால், சிகிச்சை மிக எளிது. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர். அதில் விரலைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை. பிறகு சுத்தமான துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். சூட்டைப் பெரியவர்கள் முழங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையின் விரலை வைக்க வேண்டும். மூன்று முறை வீட்டில் என்றால், ஒரு முறை பள்ளியில் நம்மால் முடியும். எங்கள் சத்துணவுக் கூடத்தில் ஒரு எவர்சில்வர் கிண்ணம் இதற்கென்றே இருக்கிறது. மதிய மணி அடித்ததும் சமையலர் அக்காவே கூப்பிடுவார்.

சீழ் தெரிந்துவிட்டால் நம் வேலை முடிந்தது. மருத்துவரிடம் அனுப்ப வேண்டியதுதான். ஊக்கால் குத்துவது, பிளேடால் கீறுவது, பிதுக்குவது எதுவும் கூடாது. இரண்டு நாள் வெந்நீர் வைத்தும் குறையவில்லை என்றாலும், சிவப்பு முதல் கணுவைத் தாண்டி ஏறினாலும், காய்ச்சல் வந்தாலும், கையில் சிவப்புக் கோடு ஓடினாலும், அக்குளில் நெறி கட்டினாலும் அன்றைக்கே அனுப்ப வேண்டும். நீரிழிவு உள்ள பிள்ளை என்றால் இரண்டு நாள் கூடக் காத்திருக்கக் கூடாது. இன்னொன்று: விரல்நுனியில் சின்னச் சின்னக் கொப்புளங்கள் கொத்தாக, உள்ளே தெளிந்த நீரோடு இருந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். உதட்டில் அக்கி போல வந்த பிள்ளை விரல் சூப்பினால் அப்படி வரும். அதைக் கீறவே கூடாது, கீறினால் பரவும். பார்த்தவுடன் நகச்சுற்று என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மருத்துவர் மாத்திரை எழுதிக் கொடுத்தால் சொன்ன நாள் முழுக்கச் சாப்பிட வேண்டும். இரண்டு வேளையில் வலி நின்றதும் மீதியை அலமாரியில் வைத்து, அடுத்த மாதம் தம்பிக்குக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் உண்டு, ஆசிரியர் வீடுகளிலும் உண்டு. பெனிசிலின் ஊசி போட்டுச் சோதித்த தொடக்ககால நோயாளிகளில் ஒருவர் இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டு பக்கத்துக் காவலர். 1941ஆம் ஆண்டு. ஒரு சிறு காயத்தில் தொடங்கிய தொற்று முகம், கண் என்று பரவியிருந்தது. மருந்து கொடுத்ததும் தேறினார். ஆனால் இருந்த மருந்து தீர்ந்துபோனது. அவருடைய சிறுநீரிலிருந்துகூட மருந்தைப் பிரித்தெடுத்து மறுபடி கொடுத்துப் பார்த்தார்கள், போதவில்லை, இறந்துபோனார். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் மாத்திரையைப் பாதியில் நிறுத்துவது பற்றித் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

எலுமிச்சம்பழத்துக்கு வருகிறேன். பழத்தில் துளை போட்டு விரலைச் சொருகி வைப்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். சிரிக்க வேண்டாம். என் அம்மா எனக்கும் செய்திருக்கிறார். முதலில் குளிர்ச்சியாக இருக்கும். விரலை அசைக்காமல் வைத்திருப்பதால் வலியும் சற்றுக் குறைந்ததுபோலத் தோன்றும். ஆனால் கிழிந்த தோலில் புளிப்பு எரியும், விரல் நாள் முழுக்க ஈரத்தில் ஊறும், உள்ளே இருக்கும் சீழ் அங்கேயேதான் இருக்கும். அதைவிட மோசம், மூடி வைத்திருப்பதால் விரல் எப்படி மாறுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. இரண்டு நாள் போய்விடும். அந்த அம்மாவிடம் "எலுமிச்சம்பழம் தப்பு" என்று நான் சொல்லவில்லை. "வெந்நீர் சீக்கிரம் கேக்கும்மா, நாலு வேளை வைங்க" என்றேன். வைத்துக்கொண்டிருந்த ஒன்றைப் பிடுங்குவதற்கு முன் கையில் வேறொன்றைக் கொடுக்க வேண்டும். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசுவதை மட்டும் கண்டிப்பாக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன், சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கும். மருதாணி அரைத்து வைப்பதில் பெரிய கெடுதல் இல்லை. கடையில் விற்கும் கறுப்பு மருதாணிக் கூம்பில் கலக்கும் சாயப்பொருள் சில பிள்ளைகளுக்குத் தோலைக் கொப்புளமாக்கிவிடும். திருவிழா முடிந்த வாரம் இதைக் கவனியுங்கள்.

அம்மாவின் விரல் வேறு வகை. ஆறு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வீக்கத்தை நாள்பட்ட நகச்சுற்று என்கிறார்கள். அதில் கிருமியைவிட ஈரம்தான் முதல் காரணம். தண்ணீர், ஐஸ், மீன் நீர், சோப்பு என்று கை எப்போதும் நனைந்தே இருந்தால் நகத்தின் காப்புத் தோல் கரைந்துபோகும். பிறகு கேண்டிடா என்னும் பூஞ்சை அங்கே இடம் பிடிக்கும். இதற்கு முக்கிய மருந்து கையை உலர்வாக வைப்பது. கையை உலர்வாக வைத்தால் கூலி கிடையாது. "கிளவுஸ் போட்டா ஓடு நழுவுது டீச்சர், ரெண்டு கிலோ உரிக்கிற நேரத்துல ஒரு கிலோதான் வருது" என்றார் அவர். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு உட்பட ஈரம் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்வது, முடிந்தபோது உள்ளே பருத்தி, வெளியே ரப்பர் என்று இரண்டு கையுறை போட்டுக்கொள்வது என்பதுதான் மருத்துவர் சொன்னது. முதலாவதைச் செய்கிறார். மகள் விஷயத்தில் ஒன்று கேட்டேன்: கையில் காயம் இருக்கும் நாளில் அவளை உட்கார வைக்காதீர்கள். அவர் தலையை ஆட்டினார். அதன்பின் அவள் காலையில் போவது குறைந்தது. நின்றுவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும்.

மீன், எறா, நண்டு குத்திய காயத்தைப் பற்றி இந்தக் கடற்கரைப் பள்ளி ஆசிரியர்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டும். மீனைக் கையாள்பவர்களுக்கு மட்டுமே அதிகமாக வரும் தொற்றுகள் உண்டு. விரல் ஊதா கலந்த சிவப்பாகத் தடித்து, ஓரம் தெளிவாகத் தெரிந்து, மெதுவாகப் பரவும். அப்படி இருந்தால் "மீன் முள் குத்தியது" என்ற ஒரு வரியை மருத்துவரிடம் சொல்லச் சொல்லி அனுப்புங்கள். அந்த ஒரு வரி அவர் கொடுக்கும் மருந்தையே மாற்றக்கூடும். பத்து வயதிலும் பதினாறு வயதிலும் போட வேண்டிய டி.டி. தடுப்பூசியைப் பிள்ளை போட்டிருக்கிறதா என்று பதிவேட்டில் பார்ப்பதும் நம்மால் முடிந்ததுதான்.

அந்த ஜூலைக்குப் பிறகு நான் வராந்தாவில் நிறுத்துவதை விட்டேன். ஆனால் என் பார்வை முழுதாக மாறியது டிசம்பரில்தான்.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல். வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய்க் கழிவு பக்கிங்காம் கால்வாயிலும் கொசஸ்தலை ஆற்றிலும் இறங்கி, எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. எர்ணாவூர், காட்டுக்குப்பம், நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் என்று படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. அந்த எண்ணெயை மீனவர்கள் குவளையாலும் வாளியாலும் அள்ளியதைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். தோல் எரிச்சல், அரிப்பு என்று மருத்துவ முகாம்களுக்கு வந்தவர்கள் பலர்.

அரையாண்டுத் தேர்வு தள்ளிப்போயிருந்தது. பள்ளி திறந்து பிள்ளைகள் வந்தார்கள். நகம் பார்க்கும் நாள். எண்ணூர்ப் பக்கமிருந்து வரும் பிள்ளைகளின் விரல்களில் ஒவ்வொரு நகத்துக்கும் கீழே கறுப்பாக ஒரு கோடு. கால் நகங்களிலும். வீட்டில் தண்ணீர் புகுந்து, பொருள்களைக் கழுவி, அப்பாவின் வலையைத் தேய்த்துக் கொடுத்த கைகள். ஒரு பையன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "எவ்ளோ தேச்சாலும் போகல மிஸ்" என்றான். நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டான். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறான். நகக்கண் தோல் வெடித்து ரத்தம் கசிந்திருந்தது. அழுக்கைப் போக்கத் தேய்த்ததில்தான் கிருமிக்கு வழி திறந்திருந்தது. பழைய வழக்கப்படி பார்த்தால் அவன்தான் வராந்தாவில் நிற்க வேண்டியவன்.

பிசுபிசுக்கும் எண்ணெயைப் போக்க இன்னொரு எண்ணெய்தான் ஏற்றது. தேங்காய் எண்ணெய் அல்லது சமையல் எண்ணெயை விரலில் தடவி, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, துணியால் துடைத்து, பிறகு சோப்பும் தண்ணீரும். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் எதுவும் தோலில் படக்கூடாது. நகத்துக்கு அடியில் இருப்பதைக் குச்சியால் குடைய வேண்டாம், நகம் வளர்ந்து தானே தள்ளிவிடும். இதை அன்று காலை வகுப்பிலேயே செய்தோம். சத்துணவுக் கூடத்து எண்ணெயில் கை வைக்கக் கூடாது என்பதால் நான் போய் ஒரு பாட்டில் வாங்கிவந்தேன். முப்பது பிள்ளைகள் ஒருவர் கையை ஒருவர் துடைத்துவிட்டார்கள். தேர்வுக்கு முந்தைய நாள் ஒரு பாடவேளை போயிற்று என்று எனக்குத் தோன்றவில்லை.

இப்போது எங்கள் பள்ளியில் நகம் பார்ப்பது இப்படி நடக்கிறது. திங்கட்கிழமையே, ஆனால் வரிசை கிடையாது. வகுப்பில் உட்கார்ந்தபடியே, பக்கத்தில் இருப்பவர் கையைப் பார்த்து, "வலிக்குதா?" என்று கேட்க வேண்டும். முதல் கேள்வி அதுதான். அழுக்கு, நீளம் எல்லாம் பிறகு. வலிக்கிறது என்று சொன்ன பிள்ளைகளை நான் தனியாகப் பார்ப்பேன். பத்து விரலும் விரிந்திருக்கிறதா என்று எண்ணுவேன். முதல் மாதம் யாருமே வலிக்கிறது என்று சொல்லவில்லை. இரண்டாம் மாதம் ஒரு பையன் சொன்னான். அவனுக்கு வெந்நீர் கிடைத்ததைப் பார்த்த பிறகு நான்கு பேர் சொன்னார்கள். அதில் ஒருவனுக்கு ஒன்றுமே இல்லை, வெந்நீரில் விரல் வைத்துக்கொண்டு சமையலர் அக்காவோடு பேச ஆசை. போகட்டும் என்று விட்டேன்.

இதில் நான் செய்த தவறையும் சொல்கிறேன். ஆர்வத்தில் ஒரு நகவெட்டி வாங்கி மேசையில் வைத்து, வகுப்பில் உள்ள அத்தனை பேருக்கும் அதிலேயே வெட்டிவிட்டேன். பள்ளிச் சிறார் நலத் திட்டத்தில் பரிசோதனைக்கு வரும் குழுவில் இருந்த செவிலியர் பார்த்துவிட்டு, "டீச்சர், ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தருக்குப் போகுமே" என்றார். நகச்சுற்று உள்ள விரலைத் தொட்ட நகவெட்டி அடுத்த பிள்ளைக்கும் அதைக் கொண்டுபோகும். மஞ்சள் காமாலை பி வகைக் கிருமியும் ரத்தத்தின் வழியாகப் பரவக்கூடியது. இப்போது ஞாயிற்றுக்கிழமை வீட்டில் வெட்டிக்கொண்டு வரச் சொல்கிறோம். வீட்டில் நகவெட்டி இல்லாமல் பிளேடால் வெட்டும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசித் தனித்தனியாக வாங்கிக் கொடுத்தோம். குளித்த பிறகு நகம் மெத்தென்று இருக்கும்போது வெட்டுவது நல்லது. கை நகத்தை விரல் வளைவுக்கு ஏற்றபடி, ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் விட்டு. கால் நகத்தை நேராக, ஓரத்தை வளைக்காமல். கால் நகத்தின் ஓரத்தை வளைத்து வெட்டினால் வளரும்போது அது சதைக்குள் குத்தும். பெருவிரலில் சீழ் பிடித்து நொண்டிக்கொண்டு வரும் பிள்ளைகளில் பாதிப்பேர் கதை இதுதான் என்பது என் கணிப்பு.

மீதிக் கதை காலணி. வளரும் பிள்ளைக்குச் சென்ற ஆண்டின் ஷூ இறுக்கமாகத்தான் இருக்கும். அளவு எடுக்கும் நாளில் பிள்ளையை நிற்கவைத்து, கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஷூ இரண்டு நாள் ஆனாலும் காயாது. ஈர ஷூவுக்குள் எட்டு மணி நேரம் இருக்கும் கால் விரல்களுக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை நாளில் செருப்போடு வர எங்கள் தலைமையாசிரியர் அனுமதி கொடுத்திருக்கிறார். தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நடந்தால், காயம் வழியாக எலிக்காய்ச்சல் கிருமியும் போகும். வகுப்பறைக்கு வந்ததும் கால் கழுவித் துடைக்க ஒரு பழைய துண்டு போதும் என்று நினைத்தேன். அதே துண்டை எல்லோரும் பயன்படுத்தினால் சேற்றுப்புண் எல்லோருக்கும் வரும் என்று பிறகுதான் புரிந்தது. இப்போது செய்தித்தாள்.

தொற்று இல்லாத நக மாற்றங்களும் உண்டு. நகத்தில் வெள்ளைப் புள்ளி வந்தால் புதுத் துணி கிடைக்கும் என்று பிள்ளைகள் சொல்வார்கள். கால்சியம் குறைவு என்று நாம் சொல்வோம். இரண்டுமே சரியில்லை. பெரும்பாலும் நகத்தில் எப்போதோ பட்ட சின்ன அடியின் தடம் அது. கை, கால், வாயில் கொப்புளம் போட்டுக் காய்ச்சல் வந்த சிறுபிள்ளைகளுக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து நகம் கழன்று விழுவதுண்டு. தாய்மார்கள் பயந்துபோவார்கள். புது நகம் தானாக வளரும், மருந்து வேண்டாம். நகம் குழிந்து கரண்டிபோல ஆகியிருந்தால் ரத்தசோகை இருக்கலாம். வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையை அந்தப் பிள்ளை விழுங்குகிறதா, சன்னல் வழியாக வீசுகிறதா என்று பாருங்கள். பூஞ்சையால் நகம் தடித்து மஞ்சளாவது பிள்ளைகளுக்கு அரிது. அப்படி இருந்தால் வீட்டில் பெரியவர் யாருக்காவது கால் நகத்தில் இருக்கும், அவரையும் சேர்த்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பில் ஸ்டீராய்டு கலந்திருந்தால் மேலே ஆறியதுபோலக் காட்டி உள்ளே வளரவிடும். சீட்டு இல்லாமல் வாங்க வேண்டாம் என்று பெற்றோர் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

நகம் கடிக்கும் பழக்கத்துக்கு மட்டும் என்னிடம் நிச்சயமான வழி எதுவும் இல்லை. வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தோம், இரண்டு பேர் அதையும் சேர்த்துக் கடித்தார்கள். கடிப்பது எப்போது என்று கவனித்தால் வாய்ப்பாடு ஒப்பிக்கும் முன், விடைத்தாள் கொடுக்கும் முன். அந்த நேரத்தில் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுத்தால் குறைகிறது. நகத்தின் கீழ் இருக்கும் புழுவின் முட்டை வாய்க்குள் போகும் என்பதால், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாளில் கடிக்கும் பிள்ளைகள் விடுப்பில் இருந்தால் மறுபடி வரும்போது தவறாமல் கொடுத்துவிடுகிறோம்.

அந்தப் பெண்ணின் விரலைப் பற்றிக் கேட்பீர்கள். சீழ் எடுத்த பிறகு நகத்தின் ஒரு பாதி கழன்றது. கை நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளரும் என்று பாடத்தில் சொல்கிறோம் அல்லவா, அதை அவளே அளந்தாள். மாதத்தின் முதல் நாள் ஸ்கேலை வைத்து அளந்து, அறிவியல் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதினாள். ஆகஸ்டில் தொடங்கி ஆறு வரிகள். ஜனவரியில் முழு நகம். அந்தப் பக்கத்தை நகல் எடுத்து வந்திருக்கிறேன், மேசையில் இருக்கிறது, தேநீர் இடைவேளையில் பாருங்கள். எங்கள் சமையலர் அக்காவும் வந்திருக்கிறார். வெந்நீர்ச் சூடு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை என்னைவிட அவர் நன்றாகக் காட்டுவார்.